1706-ல் கட்டிய லூடிங் சங்கிலிப் பாலம் இத்தனை நிலநடுக்கங்களை எப்படித் தாங்கியது?

கேட்கப்பட்ட கேள்வி இது: சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2022 செப்டம்பரில் பெரிய நிலநடுக்கம் வந்தும், லூடிங் ஊரின் பழைய இரும்புச் சங்கிலிப் பாலம் விழவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியவர்களுக்கு நிலநடுக்கப் பொறியியல் ஏதாவது தெரிந்திருந்ததா? இப்படி ஆபத்தான இடத்தில் ஊரையும் பாலத்தையும் ஏன் அமைத்தார்கள்?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்தை மனத்தில் வைத்து அந்தப் பாலத்தை வடிவமைத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே கவலை ஆறுதான். ஆற்றின் வேகத்துக்குப் பயந்து அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம், நிலம் ஆடும்போதும் கைகொடுத்தது. ஆனால் லூடிங்கில் நிலநடுக்கம் என்றால் பயப்பட வேண்டியது பாலத்துக்கு அல்ல. ஆற்றின் இரு பக்கமும் நிற்கும் மலைகள் சரிந்து ஆற்றை அடைத்துவிடுவதுதான் அங்கே உண்மையான அபாயம். 1786-ல் அது நடந்தது. உலக வரலாற்றிலேயே மிகக் கொடிய அணை உடைப்புகளில் ஒன்று அது. ஆனாலும் லூடிங் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. அதனால் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

ஊர் ஏன் அங்கே இருக்கிறது?

லூடிங் இருப்பது தாதூ ஆற்றின் கரையில். திபெத்தியப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் உற்பத்தியாகி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, லெஷான் நகரில் மின் (Min) என்ற ஆற்றோடு கலக்கும் ஆறு இது. லெஷானில் மலையைக் குடைந்து 71 மீட்டர் உயரத்தில் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறாரே, அவர் காலடியில்தான் அந்தக் கூடல். லூடிங் பகுதியில் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. கிழக்கே அர்லாங் மலை. மேற்கே கொங்கா மலைத்தொடர்; அதன் உச்சி 7,500 மீட்டருக்கும் மேல். ஆற்று மட்டமோ ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆறாயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றம். மலை உச்சியில் பனியாறு இருக்க, கீழே பள்ளத்தாக்கில் வறண்ட வெப்பம். சப்பாத்திக் கள்ளி விளைகிற மண்.

கிழக்கே சமவெளிச் சீனா, மேற்கே திபெத். இரண்டுக்கும் இடையில் தேயிலை போயாக வேண்டும். திபெத்தியர்களுக்கு வெண்ணெய்த் தேநீர் அன்றாட உணவு. ஆனால் அவர்கள் உயரத்தில் தேயிலை விளையாது. யாஆன் பகுதியில் விளைந்த தேயிலையைக் கட்டிகளாக அழுத்தி, மூங்கில் உறையில் பொதிந்து, மனித முதுகில் ஏற்றி மலை தாண்டி அனுப்பினார்கள். சேருமிடம் காங்திங், திபெத்தியர்கள் தர்செதோ என்று அழைத்த சந்தை ஊர். அங்கிருந்து மேலே மாடும் குதிரையும் சுமக்கும். யாஆனிலிருந்து இரண்டு வழிகள்: ஒன்று அர்லாங் மலைப் பக்கம், இன்னொன்று தெற்கே சுற்றி வரும் வழி. இரண்டும் தாதூ ஆற்றின் முன்னால் வந்து நின்றுவிடும்.

சுமைகூலிகள் தூக்கிய எடையைக் கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். 1908-ல் அந்தப் பாதையில் பயணம் செய்த தாவரவியலாளர் எர்னஸ்ட் வில்சன் இரண்டு தேயிலைச் சுமையாளர்களைப் படம் எடுத்திருக்கிறார். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கட்டுகள். ஒவ்வொருவர் முதுகிலும் 130 கிலோவுக்கு மேல் என்று அவர் குறித்திருக்கிறார். கையில் குறுக்குக் கட்டை வைத்த ஊன்றுகோல். இளைப்பாற உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் நின்றபடியே கோலைப் பின்னால் ஊன்றி, சுமையை அதன் மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். கோலின் இரும்பு முனை ஒரே இடங்களில் மறுபடி மறுபடி பதிந்து, பாதையின் கற்களில் குழி விழுந்திருக்கிறது. அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன.

பாலம் வருவதற்கு முன் இவர்கள் ஆற்றைப் பரிசலிலோ கயிற்றிலோ கடந்தார்கள். பாலம் கட்டிய காலத்தில் சீனாவை ஆண்ட சிங் வம்சத்துக் காங்ஷி பேரரசர் நிறுவிய கல்வெட்டு மூன்று பழைய துறைகளின் பெயரைச் சொல்கிறது. அங்கே மக்கள் கயிற்றைப் பற்றித் தொங்கியபடி கடந்ததையும், அதைவிட ஆபத்தான கடப்பு வேறில்லை என்பதையும் சொல்கிறது. வணிகத்துக்கு மட்டும் என்றால் அந்த நிலை இன்னும் பல காலம் நீடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். நிலைமையை மாற்றியது போர். 1700-ல் தர்செதோவில் திபெத்திய அதிகாரிகளுக்கும் சிங் அரசுக்கும் மோதல் வந்து, 1701 தொடக்கத்தில் சிங் படை அந்த ஊரைப் பிடித்தது. பிடித்த இடத்தைக் காக்கப் படையும் தானியமும் வெள்ளக் காலத்திலும் போக வேண்டும். சிச்சுவான் ஆளுநர் நெங்தாய் பேரரசருக்கு எழுதினார்: பழைய துறைகளுக்கு அருகில் மலையடிவாரம் சற்றே சமமாக இருக்கும் ஓரிடம் இருக்கிறது, அங்கே இரும்புச் சங்கிலிப் பாலம் கட்டலாம் என்று. 1705-ல் வேலை தொடங்கி 1706-ல் முடிந்தது. பாலத்துக்கு லூடிங் என்று பெயர் வைத்தவர் காங்ஷியே. ஊருக்குப் பெயர் பாலத்திலிருந்து வந்தது. ஊர் வளர்ந்ததும் பாலத்தால்தான்.

சங்கிலியை எப்படிக் கட்டினார்கள்?

இரும்புச் சங்கிலிப் பாலம் அப்போது புதிது அல்ல. குய்ஜோ மாகாணத்தின் பான் ஆற்றின் மேல் 1630-களிலேயே ஒன்று இருந்தது. திபெத்தில் 15-ம் நூற்றாண்டிலேயே தாங்தோங் கியால்போ என்ற துறவி பல சங்கிலிப் பாலங்களைக் கட்டிப் புகழ்பெற்றிருந்தார். ஆகவே லூடிங்கில் கொல்லர்கள் செய்தது தெரிந்த வேலையைப் பெரிய அளவில் செய்ததுதான். அந்த அளவுதான் வியப்பு: சுமார் நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மொத்தம் 13 சங்கிலிகள். ஒன்பது நடைபாதைக்கு அடியில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு கைப்பிடிக்கு. கையால் அடித்த கண்ணிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பாலத்தின் மொத்த இரும்பு நாற்பது டன் சொச்சம்.

சங்கிலியின் தடிமனைச் சீனர்கள் சோற்றுக் கிண்ணத்தின் வாய் அளவு என்பார்கள். அவற்றின் மேல் குறுக்குப் பலகைகள். அந்தக் குறுக்குப் பலகைகளின் மேல் நடப்பதற்கு நீளவாட்டில் போட்ட பலகை வரிசைகள். வரிசைகளுக்கு இடையில் நல்ல இடைவெளி உண்டு. கால் வைக்கிற பலகைக்குப் பக்கத்திலேயே, பல மீட்டர் கீழே பழுப்பு நிறத்தில் நுரைத்து ஓடும் தண்ணீர் தெரியும். நாலு பேர் சேர்ந்து நடந்தாலே பாலம் மேலும் கீழும் அலையடிக்கும்.

எடையெல்லாம் கரைக்குத்தான் போகிறது. இரு கரையிலும் கல்லால் கட்டிய பெரிய தாங்கிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் கிணறு என்றே அழைக்கப்படும் ஆழமான குழி. அதில் இரும்புத் தூண்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின் பின்னால் குறுக்கே இரும்பு உருளையைக் கிடத்தி, சங்கிலி முனைகளை அதில் பிணைத்திருக்கிறார்கள். சங்கிலி இழுக்கும் இழுப்பை அந்தக் கல் கட்டுமானம் தன் எடையாலேயே தாங்க வேண்டும். தூண் ஒன்றில் எழுத்து வார்க்கப்பட்டிருக்கிறது: காங்ஷி 45-ம் ஆண்டு ஒன்பதாம் மாதம் செய்தது, ஹான்ஜோங் நகரத்து வார்ப்புத் தொழிலாளி மா ஜிசாங் வார்த்தது, எடை 1,800 ஜின். அன்றைய அளவில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். பேரரசரின் கல்வெட்டில் கொல்லர் யாருடைய பெயரும் இல்லை. இரும்பில் மட்டும் ஒருவர் பெயர் நிலைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பாலத்தில் பிடித்த இடமே அந்தத் தூண்தான்.

இவ்வளவு கனமான சங்கிலியை ஆற்றின் குறுக்கே எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதற்கு அந்த ஊரில் சொல்லப்படும் வழி இது. படகில் ஏற்றிப் பார்த்தார்கள், ஆற்றின் வேகம் விடவில்லை. பிறகு கரைக்குக் கரை தடித்த மூங்கில் கயிறுகளைக் கட்டி, அவற்றில் மூங்கில் குழாய்களைக் கோத்து, குழாய்களில் சங்கிலியைத் தொங்கவிட்டு, எதிர்க்கரையிலிருந்து இழுத்தார்கள். மக்கள் தாங்கள் ஆற்றைக் கடந்த முறையிலேயே சங்கிலியையும் கடத்தினார்கள். கடா என்ற திபெத்திய பலசாலி சங்கிலிகளைச் சுமந்து வந்து, அந்த உழைப்பிலேயே உயிர்விட்டான் என்று ஒரு கதையும் உண்டு. அவனுக்கு அங்கே கோயிலும் இருந்தது. கதையாகவே எடுத்துக்கொண்டாலும், அந்த வேலை உயிரைக் குடித்த வேலை என்ற நினைவு அதில் இருக்கிறது.

நிலம் ஆடும்போது என்ன ஆகிறது?

நிலநடுக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல் வரும் விசை அதன் எடையைப் பொறுத்தது. கல் வளைவுப் பாலமாக இருந்தால் ஆயிரக்கணக்கான டன் எடை ஆடியிருக்கும். அதற்கு ஏற்ற விசை மூட்டுகளைப் பிளந்திருக்கும். இங்கே தொங்குவது நாற்பது டன் இரும்பும் கொஞ்சம் மரமும்தான்.

இரண்டாவது, அதிர்வின் வேகம். நிலநடுக்கம் பெரும்பாலும் வினாடிக்குப் பல தடவை உலுக்கும். நூறு மீட்டர் தொங்கும் சங்கிலி இயல்பாக மெதுவாக ஊசலாடும். வேகமான உலுக்கலுக்கு அது முழுதாக ஈடுகொடுத்து ஆடுவதில்லை. ஆட்டம் வந்தாலும் கண்ணிக்குக் கண்ணி உராய்ந்து அதன் ஆற்றல் தேய்கிறது. பலகைகள் நகர்கின்றன, கிரீச்சிடுகின்றன, முறிய வேண்டியது எதுவும் விறைப்பாக இல்லை. ஆற்றுக்கு நடுவில் தூண் இல்லாததும் ஒரு லாபம். கொந்தளிக்கும் அந்த ஆற்றில் 1705-ல் அடித்தளம் போட வழியில்லை என்பதால்தான் தூண் இல்லை. இருந்திருந்தால் முதலில் சாய்வது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பலவீனமான இடம் கரைத்தாங்கிகள். அவை நிற்கும் சரிவு நகர்ந்தால் 13 சங்கிலியும் சேர்ந்து போகும். அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் மலையடிவாரம் சமமாக இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வு நல்ல தேர்வு என்பதைக் காலம் காட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்நூறு ஆண்டு நின்றது என்றால், 1706-ல் கட்டியது தொடாமல் நின்றது என்று பொருள் கொள்ளக் கூடாது. பலகைகள் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. பழுதுபார்ப்பு தொடர்ந்து நடந்திருக்கிறது. 1970-களில் பெரிய அளவில் சீரமைத்தார்கள். சிங் அரசு அங்கே காவலும் ஓர் அதிகாரியும் வைத்துக் கவனித்தது. 1961-ல் மக்கள் சீனம் தன் முதல் தேசியப் பாதுகாப்புச் சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. சங்கிலிப் பாலத்தின் பெரிய நன்மை, துண்டு துண்டாகப் பழுதுபார்க்க முடிவது. கட்டியவர்களுக்குக் கொடுக்கும் பெருமையில் பாதியைப் பராமரித்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

பிளவும் 1786-ம்

இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவை வடக்கே தள்ளிக்கொண்டிருப்பதால் திபெத்தியப் பீடபூமி கிழக்குப் பக்கம் பிதுங்குகிறது. எதிரே சிச்சுவான் படுகை கெட்டியான பாறைத் திட்டாக நின்று தடுக்கிறது. பிதுங்கும் நிலம் தென்கிழக்காகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் கிழிந்த கோடுதான் சியான்ஷுய்ஹ நிலப்பிளவு. காங்திங் வழியாக இறங்கி, மோஷி சிற்றூரைக் கடந்து, தெற்கே ஷிமியான் பக்கம் போகிறது. இரு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசியபடி ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்கின்றன. 2008-ல் வென்சுவானை அழித்த லோங்மென்ஷான் பிளவின் தென்முனையும் இந்த வட்டாரத்துக்குத்தான் வருகிறது. சீனாவில் இவ்வளவு அடிக்கடி பெரிய அளவில் அதிரும் பிளவுகள் சிலவே. 1725-ல் காங்திங்கில் ரிக்டர் 7 அளவு என்று மதிப்பிடப்படும் நிலநடுக்கம். அப்போது பாலத்துக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1816, 1923, 1955, 1973 என்று வரிசை நீள்கிறது. 1973-ல் லூஹுவோவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவற்றில் லூடிங்கின் கதைக்கு மையமானது 1786 ஜூன் 1. அளவு 7.75 இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பிளவின் மோஷிப் பகுதி உடைந்தது. பாலத்துக்குத் தெற்கே, ஆற்றின் போக்கில் கீழே, மோகாங்லிங் என்ற இடத்தில் மலையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கி ஆற்றை மூடிவிட்டது. பின்னாளில் புவியியலாளர்கள் பழைய ஆவணங்களையும் நிலத்தின் தடயங்களையும் வைத்து அந்த இயற்கை அணையை மறுபடி கணக்கிட்டார்கள்: உயரம் சுமார் 70 மீட்டர், பின்னால் தேங்கிய நீர் சுமார் 5 கோடி கன மீட்டர்.

தாதூ போன்ற ஆறு பத்து நாள் நிற்கிறது. பனி உருகும் பருவம். மேலே நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கீழே படுகை வற்றிக் கிடக்கிறது. கீழே இருந்தவர்களுக்குச் செய்தி எவ்வளவு போய்ச் சேர்ந்தது, சேர்ந்தாலும் அதன் பொருள் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஜூன் 10-ம் தேதி பெரிய பின்னதிர்வு ஒன்று வந்து அணையை உடைத்தது. தேங்கியிருந்ததெல்லாம் ஒரே சுவராகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் இருந்த ஊர்களை வாரிக்கொண்டு லெஷானை அடைந்து, அங்கே ஆற்றோரம் இருந்த நகர மதிலையும் இடித்தது. அந்த வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக வரலாற்றுப் பதிவுகள் சொல்கின்றன.

இறந்தவர்களில் பெரும்பாலோர் நிலநடுக்கத்தால் வீடு இடிந்து இறந்தவர்கள் இல்லை. பத்து நாள் கழித்து, நில அதிர்வின் மையத்துக்கு வெகு தொலைவில், தண்ணீரில் இறந்தவர்கள். லூடிங்கின் நிலநடுக்க அபாயத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். அபாயம் மலையில் பிறந்து, ஆற்றில் ஏறி, நாள் கடந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து அடிக்கும்.

1935 பற்றிச் சுருக்கமாக

லூடிங் என்றதும் சீனாவில் எல்லோருக்கும் நினைவு வருவது 1935 மே 29. தேசியவாத அரசின் படையிடமிருந்து தப்பி நெடும்பயணத்தில் இருந்த கம்யூனிஸ்டுச் செஞ்சேனை முதலில் தெற்கே ஆன்ஷுன்சாங் துறையில் ஆற்றைக் கடக்கப் பார்த்தது. 1863-ல் சிங் அரசை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சித் தலைவர் ஷி தாகாய் வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாமல் சிக்கி, சரணடைந்து, செங்டுவில் கொல்லப்பட்டது அதே வட்டாரத்தில்தான். அந்த நினைவு இரு தரப்புக்கும் இருந்தது. கிடைத்த படகுகளோ சில. எல்லோரும் கடப்பதற்குள் துரத்தி வரும் படை சேர்ந்துவிடும். ஆகவே ஒரு பிரிவு இரவும் பகலுமாக மேற்குக்கரையோரம் லூடிங்கை நோக்கி நடந்தது. அங்கே எதிர்த்தரப்பு பாலத்தின் பலகைகளைப் பெயர்த்து வைத்திருந்தது. 22 பேர் சங்கிலிகளைப் பற்றியபடி முன்னேறினார்கள், பின்னால் வந்தவர்கள் வீட்டுக் கதவுகளையும் பலகைகளையும் பரப்பினார்கள் என்பது சீன அரசு சொல்லும் வரலாறு. சண்டை அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை என்றும், சண்டையே நடக்கவில்லை என்றும் பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. படை அந்தப் பாலத்தில் கடந்தது, அது அதன் தலைவிதியை மாற்றியது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. சண்டையின் அளவைப் பற்றிய வாதத்தில் என் நிலை இதுதான்: பாலத்தைக் காத்தவர்கள் மாகாணப் போர்த்தலைவர் ஒருவரின் சிறிய படை, முழு மனத்தோடு சண்டை போட அவர்களுக்குக் காரணம் குறைவு, ஆனாலும் பலகை இல்லாத சங்கிலியில் அந்த ஆற்றின் மேல் ஊர்ந்து போவது எதிரே துப்பாக்கி இல்லாவிட்டாலும் பெரிய துணிச்சல்தான்.

2022-ல் நடந்தது

2022 செப்டம்பர் 5, மதியம் 12:52. சீன அளவீட்டில் 6.8. நிலநடுக்க மையம் மோஷி அருகே, லூடிங் நகரிலிருந்து சுமார் 39 கிலோமீட்டர். உடைந்தது 1786-ல் உடைந்த அதே மோஷிப் பகுதி. பாலம் பிழைத்ததற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். பாதிப்பின் மையம் மோஷியும், ஆற்றோரம் தெற்கே உள்ள சிற்றூர்களும், ஷிமியான் மாவட்டமும்தான். 93 பேர் இறந்ததாகவும் 25 பேரைக் காணவில்லை என்றும் சில நாள் கழித்து அறிவித்தார்கள்.

சாலைகளைச் சரிவுகள் மூடிவிட்டன. மீட்புப் படையினர் படகில் வந்தார்கள், காயம்பட்டவர்களைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளைப் போட்டுக் கயிறு பிடித்து மக்களை ஒவ்வொருவராகக் கடத்தினார்கள். சாலை இல்லாமல் போனால் அந்தப் பள்ளத்தாக்கில் மிஞ்சுவது பழைய வழிதான்.

1786-ஐ அறிந்தவர்கள் அன்று முதலில் தேடிய செய்தி, ஆறு எங்காவது அடைபட்டிருக்கிறதா என்பது. முதன்மை ஆறு அடைபடவில்லை. ஆனால் அதில் கலக்கும் வான்தோங் என்ற கிளையாற்றைச் சரிவு அடைத்து, நீர் ஏறத் தொடங்கியது. கீழே இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். நல்லவேளையாக அடைப்பு பெரிய சேதமில்லாமல் வழிந்து வடிந்தது.

அதே கிளையாற்றில் ஒரு சிறு நீர்மின் நிலையம் இருந்தது. அதிர்வுக்குப் பிறகு அங்கிருந்த தொழிலாளர்கள் இருவர் உடனே இறங்கித் தப்பவில்லை. சிறு அணையின் நீர் வழிந்து கீழே உள்ள ஊர்களுக்கு ஆபத்து ஆகிவிடும் என்று மதகைத் திறந்துவிட்டார்கள். பிறகு மலையில் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் சில நாளில் மீட்கப்பட்டார். மற்றவர் கண்ணாடி தொலைந்து, பார்வை மங்கி, காட்டுப் பழங்களையும் மலைநீரையும் கொண்டு உயிர்பிடித்து, 17-ம் நாள் உள்ளூர் விவசாயி ஒருவரால் கண்டெடுக்கப்பட்டார். மலை தெரிந்த அந்த விவசாயி தானாகவே கிளம்பித் தேடிப் போனவர். 1786-ல் கீழே இருந்தவர்களுக்குக் கிடைக்காதது இதுதான்: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மேலே ஒருவருக்குத் தெரிந்திருப்பதும், அதை அவர் கவனித்துச் செயல்படுவதும்.

இன்றைய பாலமும் பழைய சரிவும்

லூடிங்கில் இப்போது ஆற்றைக் கடக்கப் பழைய பாலம் தேவையில்லை. 1950-களின் தொடக்கத்திலேயே திபெத் நெடுஞ்சாலைக்காக வண்டிகள் போகும் தொங்குபாலம் கட்டினார்கள். 2018 இறுதியில் யாஆன்–காங்திங் விரைவுச்சாலை முழுதாகத் திறந்தபோது, நகருக்குச் சற்று வடக்கே சிங்காங் பெரும்பாலம் வந்தது. அதுவும் தொங்குபாலம்தான்; இரு கோபுரங்களுக்கு இடையே 1,100 மீட்டர். அர்லாங் மலையின் அடியில் 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் வண்டி ஓட்டி வந்து வெளியேறியதும் இந்தப் பாலம். சுமைகூலிகள் நாள்கணக்கில் ஏறி இறங்கிய மலை, இப்போது கால் மணி நேரம்.

இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்கலாம். சரிவுகளில் தூண் நட்டால் சரிவு நகரும்போது தூணும் நகரும். ஆகவே முடிந்தவரை எதையும் தொடாமல் ஒரே தாவலில் தாண்டுவது நல்லது. 1705-ல் ஆற்றுக்காக எடுத்த முடிவை இப்போது மலைக்காகவும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இவர்கள் நிலநடுக்கத்தையும், அந்தப் பள்ளத்தாக்கின் கடுங்காற்றையும் கணக்கில் வைத்தே எடுத்தார்கள். நிலம் ஆடும்போது தொங்கும் தளமும் கம்பிகளும் மோதிக்கொள்ளாமல், ஆற்றலை உறிஞ்சும் எஃகுப் பிணைப்புகளைப் பாலத்தின் நடுவில் வைத்தார்கள். உங்கள் கேள்வியில் இருந்த "நிலநடுக்கப் பொறியியல்" என்பது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. 2022-ல் இந்த விரைவுச்சாலை வழியாகத்தான் மீட்பு வண்டிகள் மலைக்குள் வந்தன.

மோகாங்லிங் சரிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. அணையாக ஆற்றில் விழுந்த மண்ணை ஆறு கொண்டுபோய்விட்டது. மேலே சரிந்த நிலத்தின் பெரும்பகுதி மலைப்பக்கத்திலேயே தங்கிவிட்டது. அது மறுபடி இறங்கும் வாய்ப்பு அதிகம், அதன் இன்றைய உறுதியை விரிவாக ஆராய வேண்டும் என்று 2005-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகு, அந்த வட்டாரத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கம் 210 மீட்டர் உயரத் தாகாங்ஷான் அணை எழுந்திருக்கிறது. 2022 அதிர்வை அந்த அணை தாங்கியது. லூடிங் போகிறவர்கள் சங்கிலிப் பாலத்தில் நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், ஆற்றோரச் சாலையில் தெற்கே போய் அந்த மலைப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சாலையில் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கல் உருள நிலநடுக்கம் தேவையில்லை, ஒரு நல்ல மழை போதும்.